பிள்ளையின் காணிக்கை

யூபிலி மலர் என்றால் கோவில் எழும்பிய வரலாறு, பங்குத் தந்தையரின் பட்டியல், நன்கொடையாளரின் பெயர்கள் ஆகியவை இடம்பெறுவது வழக்கம். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ இத்தகைய பட்டியல்களில் என்றுமே இடம்பெறாத ஒரு கூட்டத்தாரைப் பற்றியது. அவர்கள் நம் சிறுவர் சிறுமியர். தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டும் தந்தையின் தோளில் அமர்ந்தும் கோவிலுக்கு வந்து, உண்டியலின் வாய் எட்டாமல் எம்பி நின்று காசு இட்டவர்கள். ஏழை எளியவர்க்கென்று பொருள் திரட்டுவதில் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து உழைத்த வரலாறு ஒன்று உண்டு. அது நம் கரையிலும் நடந்தது, கடல் கடந்த நாடுகளிலும் நடந்தது. அதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

நம் கரையின் தொடக்கம்

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தையொட்டி மூன்று காயல்கள் உள்ளன: பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிசு நகரத்துப் பயணி மார்க்கோ போலோ, காயல் துறையின் செல்வத்தை வியந்து எழுதியுள்ளார். முத்தும் குதிரையும் விலைபோன துறை இது. இக்கரையின் பரதவ மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றனர். ஆயினும் அவர்களுக்கு மறையைக் கற்பிக்க ஆளில்லை. 1542ஆம் ஆண்டு அக்டோபரில் புனித சவேரியார் வந்து சேர்ந்தபோது, செபங்களை அறியாத கிறிஸ்தவர்களையே ஊர்தோறும் கண்டார். அவருடைய கடிதங்களில் பெயர் குறிப்பிடப்படும் ஊர்களுள் காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறையும் ஒன்று என்பது நமக்குப் பெருமை.

சவேரியார் முதலில் நாடியது சிறுவர்களையே. கையில் மணியேந்தி ஊரைச் சுற்றி வந்து அவர்களைக் கூட்டுவார். தமிழில் மொழிபெயர்த்த செபங்களைச் சொல்லிக் கொடுப்பார். அவர்கள் வீடு சென்று தாய் தந்தையர்க்கும் அயலார்க்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். நோயாளிகளைப் பார்க்க வருமாறு பல வீடுகளிலிருந்து அழைப்பு வந்து, தாம் ஒருவரே எல்லா இடத்துக்கும் செல்ல இயலாத நிலையில், அப்பிள்ளைகளையே தம் சார்பில் அனுப்பினார். அவர்கள் நோயாளியின் வீட்டாரையும் அக்கம் பக்கத்தாரையும் கூட்டி வைத்துச் செபித்தனர். 1544ஆம் ஆண்டு சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதை விவரித்துள்ளார். ஆகவே இக்கரையில் முதன்முதலாகப் பிறர்க்கு உதவி செய்யப் புறப்பட்டவர்களில் பிள்ளைகள் முன்வரிசையில் நின்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அவர்கள் கையில் காசு இல்லை. கால்கள் இருந்தன, கற்ற செபம் இருந்தது.

இன்னொரு செய்தியும் அறியத்தக்கது. போர்த்துகல் நாட்டு அரசி கத்தரினாவின் காலணிச் செலவுக்கென்று இக்கரையின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. அதைச் சிறுவர்க்கு மறைக்கல்வி கற்பிக்கும் உபதேசியார்களின் ஊதியத்துக்கு விட்டுக்கொடுக்குமாறு சவேரியார் வேண்டினார். அரசியும் இசைந்தார். முத்துக் குளித்த தந்தையரின் உழைப்பிலிருந்து எடுத்த பணம், அரசியின் பாதம் வரை சென்று, அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கே திரும்பி வந்தது.

புன்னைக்காயல் மருத்துவமனை

சவேரியாருக்குப் பின் இக்கரையில் அரை நூற்றாண்டு உழைத்தவர் அருட்தந்தை என்றிக்கே என்றீக்கசு அடிகளார். 1547இல் வந்து, தமிழை முறையாகக் கற்று, 1600இல் இறக்கும்வரை இம்மக்களோடு வாழ்ந்தவர். அவர் 1550ஐ ஒட்டிய ஆண்டுகளில் புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அதை நடத்துவதற்கு அரசரின் கருவூலத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. இக்கரைக் கிறிஸ்தவர்கள் தந்த காணிக்கை அதற்குத் துணை நின்றது. தாமே நேற்று வரை ஏழைகளாக இருந்தவர்கள் தம்மினும் ஏழைகளுக்காகக் கொடுத்தார்கள்.

அதேபோன்று 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல். இந்திய மொழி ஒன்றில், அம்மொழியின் எழுத்திலேயே, இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அறிஞர் போற்றும் அந்நூலுக்கு வேண்டிய பொருளைக் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறை மக்களே. எழுத்தறியாத தந்தையர் தம் பிள்ளைகள் படிப்பதற்கென்று கொடுத்த பணம் அதில் எவ்வளவு இருந்திருக்கும்! ஏடுகளில் அது எழுதப்படவில்லை. கணக்கு எழுதுவோர் பெருந்தொகையைக் குறிப்பர், ஊர்த் தலைவரைக் குறிப்பர். வீட்டுக்குள் நடந்ததை எவரும் குறிப்பதில்லை.

கடற்கரைப் பங்குகளில் மீன்பாட்டில் ஒரு பங்கைக் கோவிலுக்குக் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தெறிப்பு என்று அதைச் சொல்வதை நம் பெரியவர்கள் அறிவர். அதுவும் தந்தையின் பெயராலேயே கணக்கில் ஏறும். ஆயினும் கரையில் வலை உதறும்போது தாயும் பிள்ளையும் அருகிருந்து மீன் பொறுக்காத வீடு எது? உழைப்பு குடும்பத்தினுடையது. ஆகவே காணிக்கையும் குடும்பத்தினுடையது.

அயலவரின் நல்வழக்கம்

காயல்பட்டினத்தில் வாழும் நாம், நம் அயலவராகிய இசுலாமியச் சகோதரர்களின் ஒரு வழக்கத்தை இங்கு நினைவுகூர்வது தகும். நோன்புப் பெருநாளன்று தொழுகைக்கு முன்பாக அவர்கள் ஏழைகளுக்குப் பித்ரா என்னும் தருமத்தைக் கொடுக்கிறார்கள். குடும்பத் தலைவர் தமக்காக மட்டும் கொடுத்தால் போதாது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், ஏன், தொட்டிலில் கிடக்கும் பச்சிளம் குழந்தைக்கும்கூட, தலைக்கு இவ்வளவு என்று உணவுத் தானியத்தை அளந்து கொடுக்க வேண்டும். பேச்சு வராத குழந்தையும் அன்று ஏழைக்குக் கொடுப்பவர் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. பெருநாளில் எந்த வீட்டிலும் அடுப்பு எரியாமல் இருக்கலாகாது என்பதே இதன் நோக்கம்.

குழந்தையின் பெயரால் தந்தை கொடுப்பது முதற்படி. குழந்தை வளர்ந்தபின் தானே கொடுப்பது இரண்டாம் படி. இவ்விரு படிகளும் வேறுவேறு என்பதை நம் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். நாம் சொல்ல வந்த செய்தி இவ்விரண்டுக்கும் இடையிலேதான் இருக்கிறது.

எடைக்கு எடை

பிள்ளையை முன்னிட்டுக் கொடுக்கும் வழக்கம் நம் திருச்சபையிலும் பழமையானது. பதுவை நகர்ப் புனித அந்தோணியார் 1231இல் இறந்தார். அவருடைய பேராலயம் எழும்பிக் கொண்டிருந்த காலத்தில், அருகில் வாழ்ந்த ஒரு தாயின் குழந்தை நீரில் விழுந்து இறந்ததாம். பிள்ளை உயிர்பெற்றால் அதன் எடைக்குச் சமமான தானியத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாக அத்தாய் நேர்ந்துகொண்டாள், பிள்ளை எழுந்தது என்று அவருடைய புதுமை வரலாறு கூறுகிறது. அந்தோணியார் அப்பம் என்று நாம் இன்றும் ஏழைகளுக்குக் கொடுப்பதன் வேர் இந்நேர்ச்சையில் இருக்கிறது. பிற்காலத்தில் பிரான்சு நாட்டுத் தூலோன் நகரில் 1890ஐ ஒட்டி இவ்வழக்கம் புத்துயிர் பெற்று உலகெங்கும் பரவியது.

நம் நாட்டிலும் பிள்ளையை ஒரு தட்டிலும் அரிசியையோ உப்பையோ மறுதட்டிலும் வைத்து எடைக்கு எடை கொடுப்பதைக் காண்கிறோம். மடிப்பிச்சை என்ற வழக்கமும் உண்டு. வேளாங்கண்ணி போன்ற திருத்தலங்களுக்கு நேர்ந்துகொண்டவர்கள், வசதி உடையவராயினும், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று மடியேந்தி நிற்பார்கள். கிடைத்ததைக் காணிக்கையாகச் செலுத்துவார்கள். இதை இழிவாக எண்ணுவோர் உண்டு. நாம் அப்படி எண்ணவில்லை. கேட்டு நிற்கும் கை எவ்வளவு கூசும் என்பதை அறிந்தவனே கொடுக்கும்போது பணிவோடு கொடுப்பான். தாயோடு மடியேந்தி நின்ற பிள்ளை, வாசலில் வந்து நிற்கும் ஏழையைப் பின்னாளில் விரட்டுவது எளிதன்று.

பிடி அரிசிப் பானை

நம் தாய்மார்களின் பெரும் கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால் அது பிடி அரிசிப் பானையே. உலை வைக்க அரிசி அளந்தபின், அளந்ததிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ அதைக் கோவிலுக்குக் கொண்டு வருவது. கோவிலிலிருந்து அது ஏழைகளுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் திருநாள் அசனத்துக்கும் செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பிடி அரிசி மூட்டையிலிருந்து எடுப்பதன்று, உலைக்கென்று அளந்ததிலிருந்து எடுப்பது. ஆகவே அன்றைய சோற்றில் ஒரு பிடி குறையும். அந்தக் குறைவை வீட்டில் உள்ள எல்லாரும் பகிர்ந்துகொள்வர். தாய் பிள்ளையை அழைத்து, “நீ போடு” என்று சொல்லி அந்தப் பிஞ்சுக் கையால் போடச் செய்வாள். பெரியவர் கையின் ஒரு பிடிக்கும் பிள்ளை கையின் ஒரு பிடிக்கும் அளவில் வேறுபாடு உண்டு. ஆண்டவர் முன் வேறுபாடு உண்டோ? காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு இட்ட கைம்பெண்ணைப் பற்றி லூக்கா நற்செய்தி 21ஆம் அதிகாரத்தில் நாம் படிப்பது இதற்கு விடை.

வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப ஒரு பகுதியை ஒதுக்கி வைக்க வேண்டும் என்று புனித பவுல் கொரிந்து நகர்ச் சபைக்கு எழுதினார். எருசலேமில் வாடிய இறைமக்களுக்காக அவர் திரட்டிய நிதிக்கு அதுவே வழி. பிடி அரிசியும் அதே வழிதான். வடகிழக்கே மிசோரம் மலைநாட்டில் பிரசுபித்தேரியன் சபையைச் சேர்ந்த பெண்கள் 1910 முதல் இவ்வாறே சமைக்கும்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்து, அதைக் கொண்டு தம் சபைப் பணிகளைத் தாங்கி வருகின்றனர். நல்ல வழக்கத்துக்குச் சபை எல்லை இல்லை.

லியோன் நகரத்து ஒரு காசு

இனிக் கடல் கடந்து செல்வோம். நம் மறைபரப்புப் பணிகளுக்கு நூறாண்டுக்கு மேலாகப் பொருள் வந்தது எங்கிருந்து என்று கேட்டால், பலரும் மேலைநாட்டுச் செல்வர்கள் என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று.

பிரான்சு நாட்டு லியோன் நகரில் பவுலின் சாரிக்கோ என்ற இளம்பெண் பட்டு ஆலைத் தொழிலாளரான ஏழைப் பெண்களிடம் வாரம் ஒரு சிறுகாசு திரட்டினார். பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு, அவ்வாறான பத்துக் குழுக்களுக்கு ஒருவர் பொறுப்பு என்று ஒழுங்குபடுத்தினார். இதிலிருந்து 1822ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் விசுவாசப் பரப்புச் சபை பிறந்தது. அவர் 2022ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் லியோன் நகரிலேயே முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்டார்.

பவுலினோடு கலந்து பேசி, பிள்ளைகளுக்கென்று அதே வழியைக் கையாண்டவர் நான்சி நகர் ஆயர் போர்பின் சான்சோன். சீன நாட்டில் கைவிடப்பட்ட குழந்தைகளின் நிலையைக் கேட்டு வருந்திய அவர், 1843இல் திருப்பாலத்துவ சபையைத் தொடங்கினார். விதி மிக எளியது: நாளுக்கு ஒரு சிறு செபம், மாதத்துக்கு ஒரு காசு. பிள்ளைகளுக்காகப் பிள்ளைகள் கொடுப்பது. திருமுழுக்குப் பெற்ற கைக்குழந்தையையும் உறுப்பினராகச் சேர்க்கலாம். அது பேசும்வரை அதன் பெயரால் தாயோ தந்தையோ செபம் சொல்லிக் காசும் கொடுக்க வேண்டும். பேச்சு வந்தபின் பிள்ளையே சொல்ல வேண்டும். முன்னே நாம் கூறிய இரண்டு படிகளையும் இவ்விதி எவ்வளவு அழகாக இணைத்துவிட்டது பாருங்கள்! குழந்தை இயேசுவின் புனித தெரசாவும் 1882இல், தம் ஒன்பதாம் வயதில், இச்சபையில் சேர்ந்தார். பின்னாளில் மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியான அப்புனிதையின் தொடக்கம் மாதம் ஒரு காசு.

உண்மையை மறைக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்நாளில் மேலைநாடுகளில் நம்மைப்போன்ற நாட்டுக் குழந்தைகளை ‘அஞ்ஞானக் குழந்தைகள்’ என்று சொல்லியே காசு திரட்டினார்கள். கொடுப்பவன் உயர்ந்தவன், பெறுபவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் அச்சொல்லில் ஒளிந்திருந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் அவ்வகைப் பேச்சு மறைந்தது. இன்று நம் நாட்டுப் பிள்ளைகளும் அதே சபையில் கொடுப்பவர்களாக இருக்கிறார்கள். தருமம் செய்யும் பிள்ளைக்குக் கர்வத்தைக் கற்பிப்பது பெருந்தீங்கு என்பதற்கு இவ்வரலாறு எச்சரிக்கை.

தாயும் மகளும்

குருமடத்தில் பயின்ற நம்மைப் போன்றோர் நன்றியோடு நினைக்க வேண்டிய குடும்பம் ஒன்று உண்டு. பிரான்சு நாட்டுக் கான் நகரில் வாழ்ந்தவர்கள் இசுத்தேபனி பிகார் என்னும் தாயும் அவருடைய மகள் சானும். 1889ஆம் ஆண்டு சப்பான் நாட்டு நாகசாகி ஆயர் கூசேன் அவர்களிடமிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் வந்தது. குருவாக விரும்பும் அந்நாட்டு இளைஞர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் படிக்க வைக்கப் பணம் இல்லை என்பது அதன் சாரம். தாயும் மகளும் தம் வாழ்வை எளிமையாக்கிக்கொண்டு, தம்மிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். பிறரிடமும் கேட்டுத் திரட்டினார்கள். அவ்வாறு பிறந்ததே திருத்தூதர் பேதுரு சபை. அந்தந்த நாட்டுக் குருக்களை அந்தந்த நாட்டிலேயே உருவாக்கும் குருமடங்களுக்கு இன்றும் அது துணைநிற்கிறது. 1922இல் விசுவாசப் பரப்புச் சபை, திருப்பாலத்துவ சபை ஆகியவற்றோடு இதுவும் பாப்பிறைச் சபையாக உயர்த்தப்பட்டது. அடுத்த ஆண்டு, 1923இல், தூத்துக்குடி மறைமாவட்டம் உருவாகி, இந்நாட்டவரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார்.

சான் அப்போது சிறுபிள்ளை அல்லர், முப்பதை நெருங்கியவர். ஆயினும் தாயிடம் இளமையில் கற்ற பாடமே அவரைத் தாயோடு ஒரே காரியத்தில் நிறுத்தியது.

வடகரைக் கூட்டமும் ஒரு நிபந்தனையும்

நம் நாட்டிலே நடந்த ஒரு நிகழ்ச்சி, நாம் சொல்ல வரும் கருத்தை வேறெதனினும் தெளிவாகக் காட்டுகிறது. 1934ஆம் ஆண்டு சனவரியில் மகாத்மா காந்தி அரிசன நிதி திரட்டத் தென்னாட்டில் பயணம் செய்தார். அம்மாதம் 24ஆம் நாள் திருநெல்வேலிக்கு வந்தார். பீகாரில் அதே மாதம் 15ஆம் நாள் நேர்ந்த நிலநடுக்கத்தால் துன்புற்றோருக்காகவும் அந்நாட்களில் மக்களிடம் கையேந்தினார். அதற்குப் பத்து நாட்களுக்கு முன் மலபாரில் வடகரையில் அவர் பேசிய கூட்டத்தில், கௌமுதி என்ற பதினாறு வயதுப் பெண் மேடைக்கு வந்தாள். முதலில் கைவளையைக் கழற்றினாள். பின் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். பின் காதணியையும் கழற்றினாள்.

காந்தியடிகள் உடனே மகிழ்ந்து வாங்கிக்கொள்ளவில்லை. பெற்றோரின் இசைவு உண்டா என்று கேட்டார். அவளுடைய தந்தை அதே கூட்டத்தில் இருந்தார். காந்திக்கு அளித்த வரவேற்புப் பத்திரங்கள் ஏலம் விடப்பட்டபோது அவரே ஏலம் கேட்டு நிதிக்கு உதவிக்கொண்டிருந்தார். தந்தை ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், இருவரும் ஒரே காரியத்துக்காக. பின்பு காந்தி ஒரு நிபந்தனை விதித்தார்: கொடுத்த நகைக்கு மாற்றாக வேறு நகை செய்து தருமாறு பெற்றோரைக் கேட்கலாகாது. அவள் ஒப்புக்கொண்டாள். அதன்படியே வாழ்ந்தாள் என்பதை அவர்தம் பின்னாளைய வாழ்வு காட்டுகிறது.

இந்நிபந்தனையை நாம் ஆழ்ந்து எண்ண வேண்டும். மகள் கொடுத்த வளையலுக்குப் பதிலாகத் தந்தை மறுவாரம் வேறு வளையல் வாங்கிக் கொடுத்தால், கொடுத்தது யார்? தந்தையே. மகள் மேடையேறி இறங்கியதுதான் மிச்சம். பிள்ளையின் கொடை பிள்ளையினுடையது ஆக வேண்டுமானால், அதனால் வரும் குறைவும் பிள்ளையினுடையதாக இருக்க வேண்டும். பெற்றோரின் இசைவு வேண்டும், துணை வேண்டும். ஆனால் பிள்ளையின் இடத்தில் பெற்றோர் நின்றுவிடலாகாது.

பள்ளிக்கூடத்து அடுப்பு

பெரியவர் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் நம் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கியதை அனைவரும் அறிவர். தொடக்கத்தில் அது மக்களின் கொடையால் நடந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டார்கள். 1957இல் அரசு உதவி வந்தபோதும் ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசு கொடுத்தது. மீதி நான்கு காசை ஊரார் கொடுக்க வேண்டும். கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று மக்களைத் தூண்டினார். வீடுகளில் பிடி அரிசி எடுத்துப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை தன் தாய் கொடுத்த அரிசியைப் பள்ளிக்குச் சுமந்து செல்வான். பகலில் தன்னருகே அமர்ந்து படிக்கும் ஏழைப் பிள்ளை அச்சோற்றை உண்பதைக் கண்ணால் காண்பான். கொடை எங்கே போகிறது என்று அவனுக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை.

யோவான் நற்செய்தி 6ஆம் அதிகாரத்தில் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த சிறுவனை நினைத்துப் பாருங்கள். அவன் பெயர் எழுதப்படவில்லை. அப்பத்தைச் சுட்டுக் கட்டிக் கொடுத்த கையைப் பற்றியும் ஒன்றும் எழுதப்படவில்லை. அது அவனுடைய தாயின் கை என்று நாம் எண்ணுவதில் தவறில்லை. தாய் கட்டிக் கொடுத்தாள், ஆண்டவர் கையில் சேர்ந்தது சிறுவனிடமிருந்து. அவன் உண்ண வேண்டியதை அவன் கொடுத்தான். ஐயாயிரம் பேரோடு அமர்ந்து அவனும் உண்டிருப்பான்.

இன்றைய நிலை

இவ்வளவு வரலாற்றையும் சொன்னது பழம்பெருமை பேசுவதற்கன்று. இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? கோவில் வாசலில் தந்தை பையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துப் பிள்ளையின் கையில் திணித்து, “போடு” என்கிறார். பிள்ளை போடுகிறது. அது முதற்படி, நல்லதுதான். ஆனால் பன்னிரண்டு வயதிலும் பதினைந்து வயதிலும் அதே படியில் பிள்ளையை நிறுத்தி வைத்திருக்கிறோம். பள்ளிகளில் நிதி திரட்ட அட்டை கொடுத்து அனுப்புகிறார்கள். வீடு வீடாகச் சென்று கேட்கப் பிள்ளை கூசுகிறது. தந்தையோ, “அலைய வேண்டாம்” என்று கட்டங்கள் முழுவதற்கும் தாமே பணம் கொடுத்து அட்டையை நிரப்பிவிடுகிறார். அதிகம் திரட்டியதற்குப் பிள்ளைக்குப் பரிசும் கிடைக்கிறது. நாம் இதைப் பல இடங்களில் கண்டதுண்டு. நிதி சேர்ந்தது. பிள்ளை எதைக் கற்றது?

உண்டியலருகே கியூ ஆர் குறியீடு ஒட்டும் காலம் இது. தந்தை கைப்பேசியை நீட்டுகிறார், காணிக்கை போய்விடுகிறது. வசதியை நாம் குறை கூறவில்லை. ஆனால் அருகில் நிற்கும் பிள்ளைக்கு அங்கே ஒன்று நடந்ததாகவே தெரிவதில்லை. காசின் ஓசையும் இல்லை, அரிசியின் எடையும் இல்லை. கண்ணால் காணாத கொடையைப் பிள்ளை எவ்வாறு கற்கும்?

நம்பிக்கையூட்டும் செய்திகளும் இல்லாமல் இல்லை. 2018இல் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, மிதிவண்டி வாங்குவதற்கென்று நான்கு ஆண்டுகளாகக் காசு சேர்த்து வந்த ஒரு தமிழ்நாட்டுச் சிறுமி, உண்டியலை உடைத்து முழுவதையும் நிவாரணத்துக்குக் கொடுத்ததை நாளேடுகளில் படித்தோம். அவளுடைய பெற்றோர் தடுக்கவில்லை என்பதே அச்செய்தியில் நம்மைத் தொட்டது.

2023ஆம் ஆண்டு டிசம்பரை நாம் எவரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஓராண்டில் பெய்யும் மழையைவிட மிகுதி! அன்று நாம் கொடுப்பவர்களாக நிற்கவில்லை, பெறுபவர்களாக நின்றோம். வெளியூர்களிலிருந்து அரிசியும் போர்வையும் பாலும் வந்தன. கொடுத்தவர் எம்மதத்தவர் என்று நாம் கேட்கவில்லை. அவர்களும் நம்மைக் கேட்கவில்லை. அந்த மூட்டைகளைக் கட்டியபோது ஏதோ ஓர் ஊரில் ஒரு தாயின் அருகே ஒரு பிள்ளையும் அமர்ந்து தன் சட்டை ஒன்றை எடுத்து வைத்திருக்கும். அப்பிள்ளையை நாம் காணப்போவதில்லை. ஆனால் அச்சட்டையை அணிந்த நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கலாம். பெற்றதை அறிந்த பிள்ளை கொடுக்கும்போது கர்வம் கொள்ளாது.

யூபிலி ஆண்டின் வேண்டுகோள்

அன்பார்ந்த பெற்றோரே, இந்த யூபிலி ஆண்டில் உங்களிடம் பெருந்தொகை கேட்கவில்லை. மூன்று சிறு காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, ஒவ்வொரு வீட்டிலும் பிடி அரிசிப் பானை மீண்டும் வரட்டும். நாள்தோறும் அதில் அரிசி இடுவது வீட்டின் இளைய பிள்ளையின் பொறுப்பாக இருக்கட்டும்.

இரண்டாவது, மாதம் ஒருமுறை பிள்ளை தன்னுடையது என்று எண்ணுவதிலிருந்து ஒன்றைக் கொடுக்கட்டும். மிட்டாய்க் காசாக இருக்கலாம், திருவிழாக் கடையில் ராட்டினம் சுற்றுவதற்கு வைத்திருந்த காசாக இருக்கலாம். அதை நீங்கள் ஈடுசெய்ய வேண்டாம். அன்று மாலை பிள்ளையின் முகம் சற்று வாடினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வாட்டத்தில்தான் பிள்ளை பிறர் பசியை அறியத் தொடங்குகிறது.

மூன்றாவது, கொடுக்கும் இடத்துக்குப் பிள்ளையை உடன் அழைத்து வாருங்கள். நோயாளியின் வீட்டுக்கு, முதியோர் இல்லத்துக்கு, அசனத்தின் பந்திக்கு. சவேரியார் காலத்தில் இக்கரைப் பிள்ளைகள் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றார்களே, அதே மணல்தான் இது.

பங்கின் கணக்கேட்டில் இவ்வாண்டு முதல் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம். அதில் பெயர்கள் இரா. யார் எவ்வளவு என்ற போட்டியும் வேண்டாம். இத்தனை படி அரிசி, இத்தனை ரூபாய், இன்னின்ன காரியத்துக்குச் செலவானது என்று மட்டும் எழுதி, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கே வாசித்துக் காட்டுவோம். அடுத்த யூபிலிக்கு மலர் வெளியிடுவோர் நம் வீடுகளுக்குள் நடந்ததை அறிய அந்தப் பக்கம் உதவும்.

சிறுவனின் ஐந்து அப்பங்களை ஏற்றுப் பலுகச் செய்த ஆண்டவர், நம் பிள்ளைகளின் ஒரு பிடி அரிசியையும் ஆசீர்வதிப்பாராக. அவர்களைக் கைபிடித்து அழைத்து வரும் பெற்றோர் அனைவரையும் பனிமய அன்னை தம் அரவணைப்பில் காப்பாராக. வாழ்க நம் பங்கு! வளர்க பிறரன்பு!